ஆளுக்கு ஒரு கை

மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் சுத்தம் செய்கிற நிலையத்தில், கையில் ஊசி குத்த வரும் நர்ஸிடம், எங்கள் பேச்சில் மிஸ்ஸியிடம், பேரம் பேசிய மனிதரை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்தேன்.

“மிஸ்ஸி, இன்னிக்கு அரை மணி நேரம் குறைச்சுக்கலாமா? ஒடம்பு நல்லாத்தான் இருக்கு” என்று மலாயில் கேட்பார்.

“தக் போலே, அங்கிள்.” முடியாது என்று அந்த மலாய்ப் பெண் சொல்லிவிடும்.

“சரி, கால் மணி.”

“தக் போலே.”

“அப்ப பத்து நிமிஷம். ஒனக்கும் நஷ்டமில்ல, எனக்கும் நஷ்டமில்ல.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஊசியை ஏற்றிவிடும். ஒரு நிமிடம்கூடக் குறைத்துத் தராது. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. என் பக்கம் திரும்பி, “பாத்தியா தங்கச்சி, சிரிக்க வச்சிட்டேன். சிரிச்சிக்கிட்டே குத்துனா வலி கம்மி” என்பார்.

கோத்தா திங்கியில் நாங்கள் குடியிருக்கும் தாமானுக்கு மேட்டுப் பக்கம், ஒரு கடைவரிசையில் அந்த நிலையம் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முற்றி இரண்டு கிட்னியும் போன பிறகு, திங்கள், புதன், வெள்ளி எங்களுக்கு அங்கேதான். அவர் கெலாங் பாத்தா பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். நாளெல்லாம் பெரிய பெரிய பெட்டிகளைத் தூக்கி இறக்கிய கை. இடது கையில் போட்ட குழாய் அடைத்துக்கொண்டதால் வலது கையில் போட்டிருந்தார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். டிவி பார்க்க மாட்டார். என்னோடு பேச மாட்டார். மெஷின் நிற்பதற்கு முன்பே, பள்ளிக்கூட மணி அடிக்குமுன் பையைத் தூக்கிக்கொள்ளும் பிள்ளை மாதிரி, ஊசியைப் பிடுங்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு இருப்பார்.

நான் அவருடைய நாற்காலிக்கும் பக்கத்து நாற்காலிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, வாய்க்குள் முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பேன். அதிகம் படித்தவள் இல்லை. தெரிந்ததெல்லாம் அவன் பெயர்தான். சில நாள் அதைச் சொல்லவும் களைப்பாக இருக்கும். அப்போது சும்மா உட்கார்ந்திருப்பேன். அவனுக்குத் தெரியாதா என்ன.

பக்கத்து நாற்காலி அந்த அண்ணனுடையது. சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி, கல்யாணமான பிறகு எங்கள் ஊருக்கு வந்தவர். கழுத்தில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு பாதிப் பாதத்தில்தான் நிற்கும்.

அவர் பேரம் பேசாத விஷயம் கிடையாது. இந்த நோய்க்காரர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அண்ணன் மிஸ்ஸியிடம், “ஐஸ் கட்டி தண்ணியில சேராது, அது ஓடாதில்ல” என்று வாதாடுவார். டுரியான் பழம் இவர்களுக்கு ஆகாது. சீசன் வந்தால் மகளிடம் காரைக் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுவாராம். “டாக்டர் திங்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு. மோந்து பாக்கறதப் பத்திப் பேச்சே எடுக்கலியே.”

சாமியிடமும் அப்படித்தான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, பிறகு குடத்தில் பாதி பால் போதுமா என்று சன்னிதியில் நின்று கேட்டவர். எனக்கு அது பிடிக்கவில்லை. “அண்ணே, அவன்கிட்டப் போய்க் கணக்குப் பேசலாமா?” என்றேன்.

“நீ மட்டும் என்ன பண்ற தங்கச்சி? ஒம் புருஷன் பொழைக்கணும்னு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டினி கெடக்கிற. அது என்னவாம்? நீ சத்தம் போடாம பேரம் பேசற. நான் சத்தமாப் பேசறேன்.”

அடுத்த வெள்ளிக்கிழமையும் நான் பட்டினிதான் கிடந்தேன்.

ஒரு நாள் துண்டுக்குள் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கேம் மெஷின். பழைய சாமான் சந்தையில் ஒரு சுவர்க் காற்றாடியைக் கொடுத்து மாற்றிக்கொண்டாராம். “காத்தாடி ஓடாது. அதச் சொல்லிட்டுத்தான் குடுத்தேன். அவனும் இதுல பேட்டரி மூடி இல்லேன்னு சொல்லிட்டுத்தான் குடுத்தான்.” மூடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

அதன் முதுகில் இருந்த படத்தைப் பார்த்ததும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. என் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது சனிக்கிழமை காலையில் டிவியில் வந்த தொடர். நீலச் சட்டை, முகமூடி, முதுகில் சிறகு மாதிரித் துணி. அது முடியும்வரை பிள்ளைகள் பசியாறக்கூட எழுந்து வர மாட்டார்கள். அந்தக் கேமும் அந்தத் தொடரை வைத்துச் செய்ததுதான். அண்ணன் தொடரைப் பார்த்ததில்லை. “கதை என்ன, சொல்லு” என்றார்.

“பகல்ல பால் வண்டி ஓட்டுவான் அண்ணே. ஊருக்கு ஆபத்துன்னா முகமூடியப் போட்டுக்கிட்டுப் பறப்பான்.”

“டிரைவரா? அப்ப நம்ம ஆளு.”

“இரும்புத் தலையன்னு ஒருத்தன் கோபுரத்து உச்சியில உக்காந்துருப்பான். ஒவ்வொரு வாரமும் இவன் அடிச்சு அவன் தலை உருண்டுடும். அடுத்த வாரம் புதுத் தலையோட வருவான்.”

“சூரன் மாதிரி.”

“ஆமாண்ணே, சூரன் மாதிரித்தான்.” சூரசம்காரத்தன்று கோவிலில் சூரனுக்குத் தலை மாற்றி மாற்றி வைப்பார்கள் அல்லவா, அதையே நானும் நினைத்திருந்தேன்.

ஆனால் அவரால் விளையாட முடியவில்லை. ஆளை நடத்துவதற்கான அம்புக்குறிகள் இடது பக்கம். அடிக்கவும் குதிக்கவும் வலது பக்கம் இரண்டு பொத்தான். இவருடைய இடது கையில் ஊசி, அதை அசைக்கக் கூடாது. வயிற்றில் வைத்து ஒரு கையால் இரண்டு பக்கமும் தாவிப் பார்த்தார். பால் வண்டிக்காரன் முதல் பள்ளத்திலேயே விழுந்து செத்தான். மறுபடியும் விழுந்தான்.

பிறகு அவர் பார்வை என் வீட்டுக்காரரின் இடது கையில் வந்து நின்றது. அது நாற்காலி ஓரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி, அந்தக் கை சும்மாத்தானே இருக்கு?”

இவர் திரும்பவில்லை.

“வாடகைக்குக் குடேன்.”

“என்னண்ணே வெளையாட்டு இது.”

“ஒரே ஒரு தடவ. சரிப்படலன்னா ஒங் கைய ஒங்கிட்டயே திருப்பிக் குடுத்துடறேன்.”

என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் முக்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இரண்டு நாற்காலிக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை, அதன் மேல் தலையணை, தலையணை மேல் கேம் மெஷின். இடப்பக்க நாற்காலியிலிருந்து அண்ணனின் வலது கை வந்து அம்புக்குறிகளைப் பிடித்தது. வலப்பக்கத்திலிருந்து இவருடைய இடது கை வந்து பொத்தான்களைப் பிடித்தது. நடப்பது அவர், அடிப்பது இவர். ஆளுக்கு ஒரு கை.

அதற்குப் பிறகு அந்த மூலையில் ஒரே சண்டை.

“அடி லா, என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க? வந்தது ஒம் மாமியாரா?”

“நீங்க கிட்டப் போனாத்தானே அண்ணே அடிக்க முடியும். அங்கயே நின்னு டீ குடிக்கிறீங்க.”

“டிரைவர்னா டீ குடிப்பான். நீ குதி. குதி. குதிங்கிறேன்ல.”

“குதிச்சேன். நீங்க பின்னாடி போயிட்டீங்க.”

எதிர் நாற்காலிச் சீனத் தாத்தா தூக்கத்திலிருந்து கண்ணைத் திறந்து, “மெனாங்?” என்று கேட்பார், ஜெயித்தாச்சா என்று. “சிகிட் லாகி” என்பார் அண்ணன். இன்னும் கொஞ்சம்தான் என்று அர்த்தம். எத்தனை மாதம் கேட்டாலும் அதே பதில்தான்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் கத்தி, கத்தரிக்கோல், கார்ச் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமியிடம் வைப்பேன். நிலையத்தில் அண்ணன் கேம் மெஷினை நீட்டினார். “இதையும் வையி தங்கச்சி.”

“விளையாட்டுச் சாமானையா அண்ணே?”

“லோரி போயிருச்சு. இப்ப எனக்கு ஆயுதம் வேற என்ன இருக்கு? சரி, முன்னாடி வைக்காத. ஓரமா வையி. சாமி பாத்தும் பாக்காத மாதிரி இருக்கட்டும்.”

ஓரமாகத்தான் வைத்தேன். ஆனால் என் கையில் கொடுக்குமுன் தானே ஒரு பொட்டு வைத்திருந்தார், நல்ல தண்ணீர்ச் சந்தனமாக, சத்தம் வருகிற ஓட்டைக்கு நேராக. அது உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது. அன்றிலிருந்து பால் வண்டிக்காரனின் பாட்டு சளி பிடித்த குரலில் வர ஆரம்பித்தது. ஊசி முனையால் எடுத்துத் தருகிறேன் என்றேன். விடவில்லை. “சாமிக்கு வச்ச சந்தனம். அவனுக்கும் சளி பிடிக்கட்டும், மனுசன்தானே” என்றார்.

மழை தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை. ஊசி ஏறி, மெஷின்கள் முனகத் தொடங்கின. அண்ணன் தலையணையைத் தட்டிச் சரிசெய்தபோது என் வீட்டுக்காரர் சொன்னார்:

“அண்ணே, இந்த மாசத்தோட நான் வரல. போதும்.”

எனக்கும் அப்போதுதான் தெரியும். என்னிடம் சொல்லாததை அவரிடம் சொன்னார். வராவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரம், மிஞ்சினால் இன்னொரு வாரம். நான் மடித்துக்கொண்டிருந்த போர்வையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன்.

அண்ணன் அழவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. கேம் மெஷினை எடுத்துத் தலையணை மேல் வைத்தார்.

“சரி. நிறுத்திக்க. ஒடம்பு ஒன்னோடது. ஆனா இரும்புத் தலையன என்ன பண்றது?”

“அது வெளையாட்டுண்ணே.”

“வெளையாட்டுதான். ஆறு மாசமா ரெண்டு பேரும் நடையா நடந்து, அவன் மூஞ்சியக்கூட இன்னும் பாக்கல. நீ போயிட்டா நான் யாரு கைய வாடகைக்குக் கேக்கறது? அந்தச் சீனக் கிழவன் கை நடுங்குது.” தாத்தா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். “ஒரு பேச்சு வச்சிக்குவோம். அவன முடிக்கிற வரைக்கும் வா. அவன் தலை உருண்டுச்சுன்னா அன்னியோட நிறுத்திக்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். தங்கச்சியும் பேசாது.”

நான் எப்படி அதற்குச் சம்மதிப்பேன். இவர் கூரையைப் பார்த்தபடி யோசித்தார். பிறகு இடது கையைத் தலையணைக்குக் கொண்டுவந்தார். “அவன முடிச்சதும் நிறுத்திடுவேன்” என்றார்.

“பேச்சுன்னா பேச்சு.”

அதிலிருந்து நான் அந்த விளையாட்டைப் பயந்து பயந்து பார்த்தேன். இவர்கள் நன்றாக விளையாடினால் எனக்கு ஆகாது. பாலத்தைத் தாண்டினார்கள். சுரங்கத்தைத் தாண்டினார்கள். ஒரு திங்கட்கிழமை கோபுரத்து உச்சிக்கே போய்விட்டார்கள். நான் முருகன் பெயரைச் சொல்லிப் பால் வண்டிக்காரன் தோற்க வேண்டும் என்று வேண்டினேன். யாராவது இப்படி வேண்டியிருப்பார்களா.

“சிகிட் லாகி, தம்பி, சிகிட் லாகி” என்றார் அண்ணன். இவர் அடித்தார், அடித்தார். இரும்புத் தலை ஆடத் தொடங்கியது. இன்னும் ஒரு அடிதான் பாக்கி என்று எனக்கே தெரிந்தது.

அப்போது அண்ணனின் கட்டைவிரல் மேலே எழுந்தது. வழுக்கவில்லை, நடுங்கவில்லை. சமையலில் கொதி வந்ததும் மூடியைத் தூக்குகிற மாதிரி நிதானமாகத் தூக்கினார். பால் வண்டிக்காரன் நின்ற இடத்தில் நின்றான். நெருப்பு வந்து அவனை எரித்தது. இந்த விளையாட்டில் செத்தால் முதல் தெருவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

“ஐயோ, கை வேர்த்துப்போச்சு தம்பி.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்து, சரியாகவே இருந்த போர்வையை இழுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் கோபுரம் வரை போனார்கள். ஒரு தடவை விரல் மரத்துவிட்டது என்றார். ஒரு தடவை மிஸ்ஸி கூப்பிட்ட மாதிரி இருந்தது என்றார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும், “என்னண்ணே நீங்க” என்று சலித்துக்கொள்வார். மாதம் முடிந்தது. அடுத்த மாதமும் முடிந்தது.

பிறகு வெள்ளம். ஆறு ஏறி எங்கள் தாமானுக்குள் வந்துவிட்டது. காரை எடுக்க முடியாது. அன்று ரத்தம் சுத்தம் செய்யும் நாள். இவர் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். “ஆத்தாவே வழிய மூடிட்டா. விட்டுடு” என்றார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் எனக்குப் பயம்.

போன் அடித்தது. அண்ணன்.

“கெளம்பியாச்சா?”

“தண்ணி வாசல் வரைக்கும் வந்துடுச்சு அண்ணே. இன்னிக்கு முடியாது.”

“வாசல் வரைக்கும்தானே. முழங்கால் வரைக்கும் வரட்டும், அப்புறம் பேசுவோம். இரும்புத் தலையன் லீவு போட்டிருக்கானா, கேட்டுச் சொல்லு.”

கொஞ்ச நேரத்தில் ஒரு உயரமான செம்பனை லோரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றது. அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் ஓட்டினார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் வீடு மேட்டில்தான். நேராக நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கலாம். கால் வீங்கி இறங்க முடியாமல், மூச்சு வாங்க, கேம் மெஷினைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஏறு தம்பி. பால் வண்டி கெடைக்கல. இதுதான் இருந்துச்சு.”

இவர் ஏறினார்.

தைப்பூசத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போய்விட்டார். தூக்கத்திலேயே. பால்குடத்தை முழுக்குடமாகவே எடுத்ததாக அவர் மகள் சொன்னாள். தூக்க முடியாமல் மருமகன் ஒரு கை பிடித்தாராம். நாங்கள் போனபோது அந்தப் பெண் உள்ளே போய்ப் பச்சைத் துண்டில் சுற்றிய மெஷினைக் கொண்டுவந்தாள்.

“பாதி அங்கிளோடதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு. அவரோட பாதிய ஆண்டிகிட்டக் குடுக்கச் சொன்னாரு.”

அப்படி ஏன் சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. துண்டோடு வாங்கிக்கொண்டேன்.

அந்த நாற்காலியில் இப்போது ஒரு சீன அம்மாள் வருகிறார். வந்ததும் தூங்கிவிடுவார். என் வீட்டுக்காரர் பழையபடி சுவரைப் பார்த்தார். துண்டு என் பையிலேயே கிடந்தது. ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும்போது, “பேச்சு அண்ணனோட வச்சது. அவரே இல்ல. இனி எதுக்கு” என்றார். நான் சிக்னலில் காரை நிறுத்தியிருந்தேன். பச்சையானதுகூட எனக்குத் தெரியவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அடுத்த முறை நானே மேசையை இழுத்துப் போட்டேன். தலையணையை வைத்தேன். முக்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

“என்ன பண்ற?” என்றார்.

“அண்ணனோட பாதி எங்கிட்ட இருக்கு. ஒங்க கை சும்மாத்தானே இருக்கு?”

அவர் முகத்தைச் சுவரிலிருந்து திருப்பினார். பிறகு கை வந்தது.

எனக்கு ஒன்றும் வரவில்லை. பால் வண்டிக்காரனைப் பள்ளத்தில் தள்ளினேன், சுவரில் முட்டவைத்தேன், பஸ்ஸுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். “அண்ணனே தேவல” என்றார் இவர். “எங்க போற நீ, மார்க்கெட்டுக்கா?” கட்டைவிரல் வலித்தது. வீட்டில் சப்பாத்தி தேய்க்கும்போதும் வலித்தது. பாலத்துக்குப் போகவே பல வாரம் பிடித்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் அந்த ஓட்டையிலிருந்து இன்னும் லேசாகச் சந்தன வாசம் வரும்.

போன வாரம் கோபுரத்துக்குப் போய்விட்டோம். சளி பிடித்த பாட்டு வேகமாக ஓடியது. இவர் அடித்தார். இரும்புத் தலை ஆடியது. என் விரல் அம்புக்குறியில் ஒட்டிக்கொண்டது. எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எடுத்தால் இவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம். எனக்கு அண்ணன் மாதிரி பொய் சொல்லவும் வராது.

“வெரல எடு” என்றார் இவர். கண் திரையிலேயே இருந்தது.

“என்னங்க?”

“அண்ணன் இந்த எடத்துல எடுத்துருவாரு. எடு.”

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“கண்ணுக்கு நேரா தூக்கறாரு, தெரியாமலா இருக்கும்? எடு, நேரமாச்சு.”

எடுத்தேன். பால் வண்டிக்காரன் அசையாமல் நின்றான். நெருப்பு வந்தது. திரை இருட்டாகி, பிறகு முதல் தெரு வந்தது, பால் வண்டி, விடியற்காலை. எதிர் நாற்காலியிலிருந்து சீனத் தாத்தா, “மெனாங்?” என்றார். நான் அம்புக்குறியை மறுபடி அழுத்தினேன்.

நேரம் முடிந்து மெஷின் மணி அடித்தது. மிஸ்ஸி கையுறையை மாட்டிக்கொண்டு ஊசியை எடுக்க வந்து நின்றது. எப்போதும் முந்திக்கொண்டு நீட்டுகிற கையை இவர் நீட்டவில்லை. மற்றக் கை பொத்தான் மேலேயே இருந்தது.

“மிஸ்ஸி,” என்றார், தலையைத் தூக்காமல், “சிகிட் லாகி.”

“தக் போலே, அங்கிள்.”

“சரி, அஞ்சு நிமிஷம்.”